முதுகிலும் கண் உள்ளவர்

"என் வகுப்புல எனக்குத் தெரியாம ஒரு ஈ கூட மூச்சு விடாது. நான் பலகைப் பக்கம் திரும்பி நின்னாலும் முதுகுல ரெண்டு கண்ணு இருக்கு எனக்கு."

ஏழாம் வகுப்பு அறிவியல் வாத்தியார் ஆசிரியர் அறையில் இப்படி முழங்கியபோது யாரும் மறுக்கவில்லை. மறுத்தால் அடுத்த மணி அடிக்கும்வரை ஆதாரம் காட்டுவார். ஓவிய ஆசிரியை மட்டும் தூரிகையைக் கழுவிக்கொண்டே, "அப்ப சட்டை போட்டா அந்தக் கண்ணுக்கு மறைக்காதா சார்?" என்று கேட்டார். அன்று முதல் வாத்தியார் முதுகுக்கண்ணர் ஆனார். கொடுத்தவர்கள் கிண்டலாகக் கொடுத்ததை அவர் விருதாக வாங்கிக்கொண்டார்.

உள்ளபடி சொன்னால் அந்த வகுப்பு ஒரு சந்தைக்கடை. முன்வரிசையில் பாடம் நடக்கும், நடுவரிசையில் பஞ்சாயத்து நடக்கும், பின்வரிசையில் மல்யுத்தம் நடக்கும். கத்திக் கத்தி அவர் தொண்டை தகரமாகிவிட்டது. மருந்துக்கடையில் வேலை பார்க்கும் அவர் மனைவி ஒருநாள் கைவிரித்துவிட்டாள்.

"இதுக்கு மேல எங்க கடையில மருந்து இல்லைங்க. பசங்களை அடக்க வேற வழி பாருங்க. ஊரே போன்ல அந்த ஏஐகிட்ட கேக்குது, நீங்களும் கேட்டாத்தான் என்ன?"

"நான் போய் ஒரு மெஷின்கிட்ட கேக்கறதா?"

"என்கிட்ட கேக்கறதுக்கு அது மேல்தானே. திருப்பித் திட்டாது."

கௌரவம் பின்னால் இழுத்தது, தொண்டை முன்னால் தள்ளியது. துணி எடுத்து வரும் சாக்கில் மொட்டைமாடிக்குப் போய், கொடியில் தொங்கிய போர்வைக்குப் பின்னால் நின்று கேட்டார். கைபேசிக்குள் இருந்த அந்த உதவியாளர் பொறுமையாகச் சொன்னது. குரலை உயர்த்தாமல் தாழ்த்திப் பாருங்கள். வாசலில் நின்று ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி உள்ளே விடுங்கள். ஒரு வேலை முடியும் முன்பே அடுத்த வேலையைச் சொல்லிவிடுங்கள்.

பெயர் சொல்லி உள்ளே விடும் யோசனையை, நேரமில்லை என்று தள்ளிவிட்டார். மற்றவற்றைச் செய்தார். வகுப்பு அடங்கியது. தலைமையாசிரியை தாழ்வாரத்தில் நின்று காது கொடுத்துப் பார்த்துவிட்டு, "என்ன சார் மந்திரம்?" என்றார். முதுகுக்கண்ணர் பல வருடத் தவத்தின் பலன் என்பதுபோல் அடக்கமாகச் சிரித்தார். போர்வையைப் பற்றி மூச்சு விடவில்லை.

அத்தோடு நின்றிருக்கலாம். ஆனால் உதவியாளர் இன்னொரு யோசனையும் சொல்லியிருந்தது. வாரக் கடைசியில் ஐந்தாறு பிள்ளைகளை, அவர்கள் செய்து நீங்கள் கண்ணால் பார்த்த ஒரு நல்ல காரியத்தைச் சொல்லிப் பாராட்டுங்கள். யோசனை இனித்தது. ஆனால் பார்த்ததைச் சொல்ல வேண்டுமானால் முதலில் பார்க்க வேண்டுமே. அவர் சுருக்கு வழியில் இறங்கி, "ஆளுக்கொரு பாராட்டு எழுதிக் கொடு" என்று கேட்டார்.

"உங்கள் பிள்ளைகளை நான் பார்த்ததில்லை. நீங்கள் கவனித்ததைச் சொன்னால் சொற்களில் உதவுகிறேன். பாராட்டு எப்படி இருக்கலாம் என்று காட்டச் சில மாதிரிகள் தருகிறேன், இவற்றை அப்படியே வாசித்துவிட வேண்டாம்" என்று அது பதில் போட்டது. நம்மவரின் முன்கண்கள் இரண்டும் மாதிரிகளிலேயே தங்கிவிட்டன. எச்சரிக்கையை முதுகுக்கண்கள் படித்துக்கொள்ளும் என்று விட்டுவிட்டார் போலும்.

முதல் வாரம் அமோகம். பெஞ்சுகளை நேராக்கியவன் என்று ஒருவனையும், தண்ணீர்க் குழாயை மூடியவள் என்று ஒருத்தியையும் பாராட்டினார். முகங்கள் விளக்குப் போட்டதுபோல் ஆயின. செய்யாதவர்களுக்கும் செய்ததாகத் தோன்றியிருக்க வேண்டும். புகழ்ச்சிக்கு அப்படி ஒரு ஞாபகசக்தி உண்டு.

இரண்டாம் வாரம், ஜன்னலோர பெஞ்சில் தனியாக உட்காரும் பெண்ணை எழுப்பினார். தொந்தரவு தராத பிள்ளை, அதனாலேயே கண்ணில் படாத பிள்ளை.

"சாப்பாட்டு நேரத்துல உன் ஃபிரண்டு வாடிப்போய் இருந்தப்ப, நீ பக்கத்துல போய் உக்காந்து பேச்சுக் கொடுத்தியேம்மா. நான் பாத்தேன். ரொம்ப நல்ல மனசு உனக்கு."

அந்தப் பெண் ஒருதரம் பின்னால் திரும்பி, வேறு யாரையாவது சொல்கிறாரா என்று பார்த்தாள். பிறகு, பலகையில் தப்பாய்ப் போன ஒரு எண்ணைத் திருத்துவதுபோல் மெதுவாகச் சொன்னாள்:

"எனக்கு ஃபிரண்டு யாரும் இல்ல சார்."

வகுப்பு வெடித்துச் சிரித்தது. அவள் அழவில்லை. உட்கார்ந்து, மூடியிருந்த பென்சில் டப்பாவைத் திறந்து மறுபடி மூடினாள். வாத்தியார், "சரி சரி, அமைதி" என்றார். தாழ்த்திப் பேசும் கலையில் அன்று அவர் உச்சத்தைத் தொட்டார், அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை. மணி அடித்து வெளியேறும்போது பின்வரிசையிலிருந்து ஒருவன், "ஏய், நல்ல மனசு!" என்று ராகம் போட்டு அவளைக் கூப்பிட்டான். பட்டப்பெயர் எப்படி ஒட்டும் என்று முதுகுக்கண்ணருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவருடையதைப் பெருமையாகப் போட்டுக்கொள்ள முடிந்தது. அவளுக்கு இது பள்ளிக்கூடம் முடியும்வரை முள்ளாய்க் கிடக்கும். அதை ஒட்டியது அவர் கை.

வீட்டில் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தட்டுல ஏதாவது எழுதியிருக்கா?" என்றாள் மனைவி.

எல்லாவற்றையும் சொன்னார். கேலி செய்வாள் என்று எதிர்பார்த்தார். அவள் செய்யவில்லை. "பாவம் அந்தப் பிள்ளை" என்றாள், அவ்வளவுதான். அதற்குத் திட்டே வாங்கியிருக்கலாம்.

உதவியாளரிடம் போனார். தான் சொன்னது பொய்யில்லை என்று வகுப்பு நம்பும்படி ஒரு சமாளிப்பு கேட்டார்.

"அப்படிச் சமாளித்தால் அவள் பொய் சொன்னதாக ஆகிவிடும், அதில் நான் உதவ மாட்டேன்" என்றது அது. "பார்க்காததைச் சொன்னேன் என்று நேராகச் சொல்லிவிடலாம். அவளை மறுபடி எழுப்பி நிறுத்தாமல், பேச்சை உங்களைப் பற்றியதாகவே வைத்துக்கொள்ளுங்கள். பிறகு அவளோடு தனியாகப் பேசலாம். அவளைப் பற்றி நீங்கள் கவனித்தது என்ன? அங்கிருந்து தொடங்குவோம்."

'அவள்' என்று தட்டினார். அதற்கு மேல் விரல் ஓடவில்லை. வருகைப் பதிவில் அவள் பெயர் எந்த இடத்தில் வரும் என்று தெரியும். அவள் குரலை அன்றுதான் முதன்முதலாகக் கவனித்திருந்தார். அந்த ஒரு சொல்லையும் அழித்தார். எதிரே இருந்தது ஒரு கைபேசிதான், ஆனாலும் அதன் முகத்தைப் பார்க்கக் கூசி அதைக் கவிழ்த்து வைத்தார்.

மறுவாரம் வகுப்பில் பலகைக்கு முதுகு காட்டி நின்றார்.

"நான் உங்களைப் பாராட்டினேன்ல, அதுல எதையும் நான் பாக்கல. போன்ல மாதிரிக்குன்னு வந்ததை வாசிச்சேன். தப்பு என்னோடது. யாரையாவது கேலி பண்ணணும்னா என்னைப் பண்ணுங்க."

யாரும் சிரிக்கவில்லை. கேட்டு வாங்கிக்கொள்ளும் கேலியில் ருசி இல்லை. கடைசியில் ஒருவன் எழுந்தான்.

"அப்ப நான் பெஞ்சை நேராப் போட்டது?"

"அதை நெசமாவே நீதான் போட்டியா?"

"தினமும் நான்தானே சார் போடறேன்."

வாத்தியார் வரிசைகளைப் பார்த்தார். நூல் பிடித்தாற்போல் நின்றன. மணி அடிக்கும்வரை அதன் பிறகு அவர் யாரையும் ஏறிட்டுப் பார்க்கவில்லை.

எல்லோரும் வெளியேறும் சத்தத்தில் ஜன்னலோர பெஞ்சருகே போனார்.

"மன்னிச்சுக்கம்மா."

அவள் தலையசைத்தாள். அவர் அவள் பக்கத்தில் காலியாயிருந்த இடத்தைக் காட்டினார்.

"இங்க யாருமே உக்காந்ததில்லையா?"

"போன பருவம் ஒருத்தி உக்காந்தா சார். ரெண்டு பேரும் பேசறோம்னு மாத்திட்டாங்க."

"யாரு மாத்துனது?"

"நீங்கதான் சார்."

அவர் நினைவைத் துழாவினார். ஒன்றும் அகப்படவில்லை. வாசலில் முண்டியடித்துக்கொண்டிருந்த முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"அதுல யாரும்மா அவ?" என்று கேட்டார்.

அவள் விரல் நீட்டிக் காட்டினாள்.