அம்மா கித்தா ஆடிய நாள்

என் அம்மாவுக்கு ஆட வரும் என்பதை எட்டு வயதில், ரெக்ஸ்டேலில் ஒரு வீட்டின் கீழ்த்தளத்தில், பேஸ்மென்றில்தான் கண்டுபிடித்தேன். அம்மாவோடு பேக்கரியில் வேலை செய்த பஞ்சாபி அன்ரியின் மகளுக்குக் கலியாணம். அதற்கு முதல் நாள் பெண்கள் மட்டும் கூடிக் கித்தா ஆடுவார்களாம். ஆண் வாடையே ஆகாது என்று அப்பாவை வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டார்கள். எனக்கு அதுவே துள்ளிக் குதிக்கிற அளவுக்குப் பெரிய புளுகமாக இருந்தது.

உள்ளே ஒரே கைதட்டல். வட்டத்தின் நடுவில் ஒருத்தி வந்து இரண்டு வரி பாடுவாள். கடைசி வரியை எல்லோரும் வாங்கிப் பாட, அவள் சுழன்று சுழன்று ஆடுவாள். பாட்டு முழுக்க மாமியாரையும் புருசனையும் கிழிப்பதுதான் என்று அன்ரி எனக்கு இங்கிலிஷில் விளக்கினார். வட்டத்துக்குள் சொன்னதற்கு யாரும் கோபிக்கக் கூடாதாம். அதை வெளியே கொண்டுபோகவும் கூடாதாம். இந்த இரண்டாவது சட்டத்தை நான் சரியாகக் காதில் வாங்கவில்லை.

திடீரென்று அன்ரி அம்மாவைப் பிடித்து நடுவில் இழுத்துவிட்டார். சிரிக்கும்போதே வாயைப் பொத்துகிற மனுசி என்னத்தைப் பாடப் போகிறாள், மானம் போகப் போகிறதே என்று பதறினேன். அம்மா சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினாள்.

“பனிக்குள்ள பஸ் பிடிச்சுப் பத்து வருசம் போறன்,
பசிக்குதோ எண்டு மனிசன் ஒருநாளும் கேட்டதில்லை!”

ஐயோ, அந்தச் சத்தம்! ஒரு சொல்லும் விளங்காத அத்தனை பெண்களும் “கேட்டதில்லே, கேட்டதில்லே” என்று கூரை பறக்கப் பாடினார்கள். கொண்டை அவிழ அவிழ அம்மா ஆடினாள். நானும் உள்ளே பாய்ந்தேன். அங்கே அந்தப் பாட்டு விளங்கிய ஒரே ஆள் நான் என்ற பெருமை வேறு.

அந்தப் பெருமை வயிற்றில் தங்குமா? வீட்டுக்கு வந்த கையோடு, அப்பாவுக்கு முன்னால் கைதட்டி, இரண்டு வரியையும் பாடி ஆடிக் காட்டினேன். அம்மா எட்டி என் வாயைப் பொத்துவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அப்பா ரீவியை நிறுத்திவிட்டு எழுந்து போனார்.

திங்கட்கிழமை அம்மா சாப்பாட்டுப் பெட்டியைக் குசினியிலேயே மறந்துவிட்டு வேலைக்குப் போயிருந்தாள். பின்னேரம் வந்து வாசலில் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தபோது, அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு போய்ப் பக்கத்தில் நின்றார்.

“உமக்குப் பசிக்குதோ?”

ஒற்றைச் சப்பாத்தைக் கையில் பிடித்தபடியே அம்மா நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

“இல்லையப்பா, பசிக்கேல்லை.”

பச்சைப் பொய்! அதைச் சொல்லிவிட்டுச் சிரிப்பு வேறு, வாயைக்கூடப் பொத்தாமல். கேட்கவில்லை என்று ஊரைக் கூட்டிப் பாடியவள், கேட்டவுடன் இப்படிச் சொல்கிறாளே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.