மாடிப்படியில் ஒரு மடக்குத் தண்ணீர்

ஹென்யா வாயைத் திறந்தால் எருசலேமில் அவள் சந்து முழுக்கக் கேட்கும். ஐந்து பிள்ளை பெற்றவள். யூத ஆசாரப்படி பால் சட்டியும் கறிச் சட்டியும் ஒருநாளும் கலக்காமல் முப்பது வருஷம் குடித்தனம் நடத்தியவள். பக்கத்து வீட்டுக்காரி கரண்டியை மாற்றிப் போட்டால் சன்னல் வழியாகவே கத்துவாள். "தப்பைக் கண்டா சொல்லணும்னு வேதத்துலயே இருக்கு" என்பாள். தனியாகக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும், நாலு பேர் முன்னால் ஒருத்தி முகத்தை வெளுக்க வைப்பது ரத்தம் சிந்துவதற்குச் சமம் என்பதும் அவளுக்குத் தெரியும். பிள்ளைகளுக்கு அவளே சொல்லிக் கொடுத்ததுதான்.

அந்த வருஷம் யோம் கிப்பூர். சொட்டுத் தண்ணீர் தொண்டையில் இறங்கக் கூடாத பாவமன்னிப்பு நோன்பு நாள். ஜெப ஆலய மாடியில் நாற்பது பெண்கள். காற்றுக்காகப் படிக்கட்டுப் பக்கம் வந்தாள் ஹென்யா. நாலு படி கீழே எதிர்வீட்டு ராஷ்கே. மடியில் கைக்கடிகாரம், கையில் சுண்டுவிரல் உயரக் கோப்பை. ஒரு மடக்கு குடித்தாள். கடிகாரத்தையே பார்த்திருந்துவிட்டு மறுபடி ஒரு மடக்கு.

"அடியே ராஷ்கே! எல்லாரும் நாக்கு வறண்டு கெடக்குறோம், நீ ஒளிஞ்சு உக்காந்து தண்ணி குடிக்கிறியா? வெக்கமா இல்ல?"

நாற்பது தலையும் திரும்பின. அதில் ஒன்று, ராஷ்கேயின் மகள் பெய்லாவைப் பேசி வைத்திருந்த பையனின் அத்தை. ராஷ்கே கோப்பையைக் கைக்குள் மறைத்தாள். சுண்ணாம்பாய் வெளுத்த முகத்தோடு எழுந்து போனாள். அந்த வாரமே சம்பந்தம் முறிந்தது.

ஹென்யா அதோடு விட்டாளா? ஜெப ஆலய குருவான ரபியின் வீட்டுக்கே போய்ப் புகார் சொன்னாள். ரபியின் மனைவி அவளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள்.

"அவளுக்கு ஒரு கிட்னிதான் வேலை செய்யுது. ஒன்பது நிமிஷத்துக்கு ஒரு மடக்குன்னு ரபிதான் அளந்து குடுத்தார். அந்தக் கோப்பை எங்க வீட்டுக் கோப்பைடி. அவமேல நல்ல எண்ணம் வைக்க உனக்கு ஒரு நிமிஷம் முடியலயா?"

ஹென்யா நேரே ராஷ்கே வீட்டுக்கு ஓடினாள்.

"மன்னிச்சுடு ராஷ்கே. நாப்பது பேர்கிட்டயும் நானே போய்ச் சொல்லிடுறேன்."

"என்னன்னு சொல்லுவீங்கக்கா? ரபி சொல்லித்தான் குடிச்சான்னா, என்ன வியாதின்னு கேப்பாங்க. வியாதிக்காரி மகளை எவன் கட்டுவான்? அதுக்குத்தானே அன்னிக்கு வாயை மூடிக்கிட்டு எறங்கிப் போனேன்."

"அப்ப நான் என்னதான் செய்யுறது?"

"அன்னிக்கு நாலு படி எறங்கி வந்து காதுல கேட்டிருக்கலாம். இனிமே என்ன? மன்னிச்சாச்சு, போங்க. அடுப்புல வேலை கெடக்கு."

அடுத்த யோம் கிப்பூர். ராஷ்கே வரவில்லை. பெய்லாவுக்கு இன்னும் வரன் அமையவில்லை. முன்வரிசைக்காரி திரும்பிச் சிரித்தாள்.

"இந்த வருஷம் வீட்லயே வசதியா குடிக்கிறா போல. நல்லவேளை, நீங்க கண்டுபிடிச்சீங்க ஹென்யாக்கா."

ஹென்யாவுக்குத் தொண்டை வரை பதில் வந்தது. அத்தனை பெரிய வாயை வைத்துக்கொண்டு, ஜெபப் புத்தகத்தை முகத்துக்கு நேரே தூக்கிக்கொண்டாள்.