யூக்கா பூத்தால் வருகிறேன் என்றார்

மான் யூக்காவின் இலையைத் தொடாது. பூந்தண்டை மட்டும்தான் தின்னும். முதல் தண்டைப் பறிகொடுத்த பிறகுதான் இது எனக்குத் தெரிந்தது. காலையில் கதவைத் திறந்தால் என் இடுப்புயரம் வளர்ந்திருந்த தண்டு பாதியில் நின்றது. மொட்டு ஒன்றைக்கூட மிச்சம் வைக்கவில்லை. கீழே இருந்த இலைகள் அத்தனையும் கத்தி கத்தியாக அப்படியே நீட்டிக்கொண்டிருந்தன.

எங்கள் வீடு பர்மாவில், மிங்கலாடோனில், ஏரிக்காட்டின் கம்பிவேலிக்குப் பக்கத்தில் இருக்கிறது. வேலி பல இடங்களில் சாய்ந்துவிட்டது. மழைக்காலத்தில் இங்கே தண்ணீருக்குப் பஞ்சமில்லை, முற்றமே மிதக்கும். மழை நின்றுவிட்டால் சித்திரை தாண்டும்வரை வானம் எட்டிப் பார்க்காது. எங்கள் மண் செம்பொறை, கடப்பாரை போட்டால் நெருப்பு பறக்கும். கிணறு அடிக்குப் போய்விடும். அந்தச் சமயத்தில்தான் மான்களும் காட்டுக்குள் மேய ஒன்றுமில்லாமல் வெளியே வரும். செம்பருத்தி வைத்தேன், போயிற்று. ரோஜா வைத்தேன், முள்ளோடு போயிற்று. புளிச்சக்கீரைப் பாத்தி ஒரே இரவில் மொட்டை.

யூக்காவைக் கொண்டுவந்தது என் வீட்டுக்காரர். டவுனுக்குள், கியாக்டடாவில் அவர் வேலை பார்த்த கட்டடத்துக்குப் பக்கத்தில் ஒரு பழைய பங்களாவைப் புதுப்பிக்கிறோம் என்று செடிகளைப் பிடுங்கித் தெருவில் போட்டிருந்தார்களாம். மூட்டை கட்டி பஸ்ஸில் எடுத்து வந்தார். “ஒருத்தனும் பக்கத்துல உக்காரல, ராஜா மாதிரி வந்தேன்” என்று சிரித்தார். நம் பாட்டன்மார் வந்த மாதிரி எந்தக் கப்பலில் வந்ததோ, இப்போது இதுவும் இந்த ஊர்ச் செடிதான் என்பார். நட்டதோடு சரி. தண்ணீர் கேட்காது, எரு கேட்காது. மான் வந்து முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விடும். பக்கக் குட்டிகளைப் பெயர்த்துப் பெயர்த்து வேலியோரம், வாசல் வழி என்று எங்கும் வைத்தோம்.

அவர் போய்ச் சேர்ந்த பிறகு குட்டிகளை நான் இன்னும் நெருக்கமாக நட்டேன். மானுக்காக மட்டும் இல்லை. தனியாக இருக்கிற வீட்டில் யார் ஏறி வருவார்களோ என்ற பயம். நட்டபிறகு வேறு பயம் பிடித்துக்கொண்டது. யாராவது குழந்தை ஓடிவந்து கண்ணில் குத்திக்கொண்டால்? நகவெட்டியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து ஒவ்வொரு இலையின் நுனியையும் வெட்டினேன். என் வீட்டுக்குக் குழந்தை வந்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது. அது வெட்டி முடித்த பிறகுதான் நினைவுக்கு வந்தது. நான் ஐந்தாவதோடு நின்றவள். படித்தவர்களுக்கு இப்படியெல்லாம் தோன்றுமோ என்னவோ, எனக்கு ஒரு பயம் போனால் இன்னொன்று தயாராக நிற்கும்.

எதிர்வீட்டு அக்கா தமிழ்ப் பெண்தான், பர்மாக்காரரைக் கட்டிக்கொண்டவர். பேசும்போது பாதி தமிழ், பாதி பர்மா. என் வீட்டுக்காரரின் காரியம் முடிந்த பிறகு என் வீட்டுப்படி அவர் ஏறவில்லை. கோபமொன்றும் இல்லை. அவருக்குப் பேரன் பேத்திகள், கடை, ஆயிரம் வேலை. வழியில் பார்த்தால் நின்று பேசுவார். மான் தின்ற மொட்டைத்தண்டை வாசலில் நின்று பார்த்துவிட்டு அவர்தான் சொன்னார்:

“அமலே! வெள்ளைப் பூ பூக்குற செடியா இது? அடுத்த தடவை பூத்தா என்னைக் கூப்பிடு தங்கச்சி. உள்ள வந்து உக்காந்து பாக்கிறேன். பயாவுக்கும் ரெண்டு கொத்து குடு.”

அமலே என்றால் பர்மா பாஷையில் ‘அம்மாடி’. பயா என்றால் அவர் வீட்டுப் புத்தர் மேடை. பூ கேட்டது எனக்குப் பெரிதாகப் படவில்லை. உள்ளே வந்து உட்காருகிறேன் என்றாரே, அதைத்தான் பிடித்துக்கொண்டேன். சாப்பிட்ட தட்டைக் கழுவும்போதுகூட அது ஞாபகம் வரும். எந்த நாற்காலியைப் போடுவது, தேநீருக்கு எந்தக் கோப்பை என்றெல்லாம் யோசித்திருக்கிறேன்.

அடுத்த வருஷம் ஒன்றும் பூக்கவில்லை. இந்த வருஷம் மாசிக் கடைசியில் வாசலுக்குப் பக்கத்துச் செடியின் நடுவில் தண்டு தலைகாட்டியது. முதலில் பார்க்க ஊதா கலந்த மூங்கில் குருத்து மாதிரி இருக்கும். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று. பழைய கொசுவலையைக் கம்பு நட்டுச் சுற்றினேன். பால் டின்களைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டேன். பாங்காக்கில் வேலை பார்க்கிற மகள் போனில் படத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்:

“என்னம்மா இது, செடிக்கு டெங்குவா?”

“மான் வருதுடி.”

“வந்தா வந்துட்டுப் போகுது. நீ சாப்டியா?”

“தண்டு போச்சுன்னா அக்கா வரமாட்டாங்க.”

“எந்த அக்கா?” என்றாள். அதற்குள் கரண்ட் போய் லைனும் போனது.

டின் சத்தத்துக்கு மான் பயப்படவில்லை. தினமும் காலையில் குளம்புத் தடம் தண்டுக்கு இன்னும் கிட்டத்தில் இருந்தது. இத்தனை செடி இருக்க, எப்படி இந்த மூலைக்கே வருகிறது? யார் கண் பட்டதோ என்று எனக்குள் ஓட ஆரம்பித்துவிட்டது. வெள்ளிக்கிழமை தோறும் கல்லுப்பும் மிளகாயும் கையில் வைத்து வீட்டைச் சுற்றித் திருஷ்டி கழிப்பது என் வழக்கம். முச்சந்தியில் போய்த்தான் கொட்ட வேண்டும். அந்தி சாய்ந்த பிறகு தெருமுனை வரை போக எனக்குப் பயம். வீட்டுக்காரர் இருந்தவரை அவர் போய்க் கொட்டிவிட்டு வருவார். பிறகு நான் வாசல் மூலையிலேயே கொட்டிவந்தேன். இப்போது தண்டுக்கும் சேர்த்துச் சுற்றினேன். வெள்ளி போதாதென்று செவ்வாயும் சுற்றினேன். உப்பை இரண்டு பிடி கூடவே எடுத்தேன்.

ஒருநாள் காலையில் கடைக்குப் போன அக்கா வாசலில் நின்றார். செடியைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார்.

“ஏ தங்கச்சி, இங்க மண்ணு ஏன் வழிச்சு எடுத்த மாதிரி இருக்கு?”

“தெரியலக்கா. மான் தடம்தான்.”

“என்ன போட்ட இங்க?”

“ஒண்ணும் போடலயே. உப்பு சுத்திப் போடுவேன், அவ்வளவுதான்.”

அக்கா கூடையைக் கீழே வைத்துவிட்டார். சிரிப்பில் அவருக்கு மூச்சு வாங்கியது.

“அமலே! மானுக்கு உப்புக் கடை தொறந்து வச்சுட்டு டின்னு கட்டி மெரட்டுறியா? உப்புன்னா அதுக்கு உசிரு. ஏரியத் தாண்டிக்கூட வரும்!”

நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே மனசுக்குள் கணக்குப் போட்டேன். எத்தனை வெள்ளிக்கிழமை உப்பு அந்த மண்ணுக்குள் இருக்கிறது! கிணற்றில் கிடந்த கொஞ்சம் தண்ணீரை இறைத்து ஊற்றிப் பார்த்தேன். மண்ணை வாரி வேலிக்கு வெளியே போட்டேன். மறுநாள் கொசுவலையில் ஒரு பக்கம் கிழிந்திருந்தது. தண்டின் நுனியில் இரண்டு மொட்டு இல்லை. மீதி மொட்டெல்லாம் வெளுத்து, கனத்துத் தொங்கின. இன்னும் கொஞ்சம் பொறுத்தால் விரிந்துவிடும் என்று எனக்கே தெரிந்தது.

பொறுக்க முடியவில்லை. இன்று ராத்திரி முழுசும் போய்விடும், அக்காவைக் கூப்பிட ஒன்றுமே இருக்காது என்ற ஒரே நினைப்பு. கத்தியை எடுத்துத் தண்டை அடியோடு வெட்டினேன். தோளில் சாய்த்துக்கொண்டு ரோட்டைக் கடந்து அவர் வீட்டுக்குப் போனேன்.

“ஏன் வெட்டின?” என்றார் அக்கா. “பூத்தா நானே வந்திருப்பேனே.”

“மான் தின்னுடும்னு…”

“சரி, குடு. தண்ணியில வச்சா விரியும்.”

பேரனைக் கூப்பிட்டுப் பித்தளைச் சாடி எடுத்துவரச் சொன்னார். நான் வாசற்படியிலேயே நின்றிருந்தேன். உள்ளே வா என்றார். வீட்டைத் திறந்து போட்டுவிட்டு வந்துவிட்டேன் என்று சொல்லித் திரும்பினேன். அது பொய்யும் இல்லை. பூட்டினேனா இல்லையா என்று எனக்கு நிச்சயமில்லை.

சில நாள் கழித்து ரோட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து அக்காவின் குரல்: “தங்கச்சி! ஒன் பூ விரிஞ்சிருச்சு, வந்து பாரு!”

பூட்டை மூன்றுமுறை இழுத்துப் பார்த்துவிட்டுப் போனேன். புத்தர் மேடையில் ஊதுவத்திப் புகைக்கு நடுவே மணி மாதிரி அத்தனை பூக்களும் வெள்ளையாகத் தொங்கின. நான் வளர்த்த பூ விரிந்து பார்ப்பது அதுதான் முதல் தடவை. அக்காவின் மருமகள் பாயைப் போட்டு, லபெயே கொண்டுவந்து வைத்தாள். பால் கூடுதலான, தித்திப்பான தேநீர். குழந்தைகள் டிவி பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரோ வந்தார்கள், பூவைப் பார்த்து எங்கே வாங்கியது என்று பர்மா பாஷையில் கேட்டார்கள். அக்கா என்னைக் காட்டினார். அவர்கள் என்னைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு வேறு பேச்சுக்குப் போனார்கள்.

கிளம்பும்போது அக்கா கேட்டார், “திரும்ப எப்பப் பூக்கும்?”

“வெட்டின தலையில இப்ப பூக்காதுக்கா. பக்கத்துல குட்டி வெடிச்சு, அது வளந்து, அப்புறம்தான்.”

“அப்பக் கூப்பிடு. வெட்டாத, என்ன? நான் அங்க வந்து பாக்கிறேன்.”

பூ இல்லாவிட்டாலும் வாங்கக்கா என்று சொல்ல வாய்வரை வந்தது. அதற்குள் உள்ளே பேத்தி அழுதாள். அக்கா போய்விட்டார்.