பீரோவுக்குள் போன டி.சி.

1. முதல் நாள்

பூந்தமல்லிக்கும் ஆவடிக்கும் நடுவில் இருந்த ஒரு தனியார் கல்லூரியில் பதினேழு வருடம் அட்மிஷன் மேசையில் வேலை பார்த்தேன். வேலையில் சேர்ந்த முதல் நாளே சேர்மன் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டுச் சொன்னார்:

"அட்மிஷன்னு சொல்லாதம்மா. சேர்த்துக்கிட்டோம்னும் சொல்லாத. என்ரோல்மென்ட்னு சொல்லு. கம்பீரமா ஒரு இங்கிலீஷ் வார்த்தை சொன்னா பேரன்ட்ஸ் குறுக்கக் கேள்வி கேக்க மாட்டாங்க."

மனுஷன் சரியாகத்தான் சொன்னார். கேட்டவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். எனக்கும் அந்த வார்த்தை பிடித்துப்போனது. பட்டாபிராமில் தமிழ் மீடியம் படித்தவள் நான். அதைச் சொல்லும்போதெல்லாம் என் நாற்காலி கொஞ்சம் உயர்ந்த மாதிரி இருக்கும். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் உண்மை.

2. ஃபைல் போடும் முறை

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்ததும் கூட்டம் வரும். வெரிஃபிகேஷன் என்று சொல்லி ஒரிஜினல் மார்க் ஷீட்டையும் டி.சி.யையும் வாங்குவோம். ஃபைலில் என்ரோல்மென்ட் நம்பர் போடுவோம். நம்பர் விழுந்ததும் ஒரிஜினல் பீரோவுக்குள் போய்விடும். பிறகு சேர்மன் கையெழுத்து இல்லாமல் வெளியே வராது. டி.சி. இல்லாமல் வேறு கல்லூரியில் சேர முடியாது. பிள்ளைகள் கைநழுவிப் போகாமல் இருக்க நாங்கள் வைத்திருந்த வழி அதுதான். இதை எந்தப் பெற்றோரிடமும் வாய் திறந்து சொல்ல மாட்டோம்.

பீரோ சாவி என் கைப்பையில் இருக்கும்.

3. மெத்தைக் கடை பாய்

பூந்தமல்லியில் மெத்தைக் கடை வைத்திருந்த பாய் ஒருவர், மகள் நஸ்ரினோடு வந்தார். சட்டையில் பஞ்சு ஒட்டியிருந்தது. நஸ்ரின் பிசிக்ஸில் நல்ல மார்க். எங்கள் கல்லூரியில் பிசிக்ஸே கிடையாது.

"சும்மா விசாரிச்சுகினு போலாம்னு வந்தேன் மேடம். கவர்மென்ட் காலேஜ்ல பாப்பாக்கு பிசிக்ஸ் கேட்டு போட்டுகீறோம். அது கெடைக்கலன்னா இங்க எதுனா பாப்போம்."

"ஒரிஜினல் கொண்டு வந்திருக்கீங்களா பாய்?"

"கீது மேடம்."

"குடுங்க. என்ரோல் பண்ணி வெச்சிடறேன். உங்களுக்கு ஒரு சேஃப்டிதானே."

நஸ்ரின் குனிந்து கேட்டாள். "என்ரோல்னா இன்னா மேடம்?"

"சும்மா இரு பாப்பா. மேடம் சொல்றாங்கல்ல," என்றார் பாய்.

நான் கேட்காத மாதிரி நம்பர் போட்டேன். அன்றைக்கு ஆபீஸ் சுவரில் சேர்ந்தவர்கள் கணக்கு எழுதும் போர்டில் எங்கள் எண்ணிக்கை ஒன்று கூடியது.

4. திங்கட்கிழமை

மூன்று வாரம் கழித்து பாய் ஓட்டமும் நடையுமாக வந்தார். அரசுக் கல்லூரியில் இருந்து போனுக்குச் செய்தி வந்திருந்தது.

"நாளிக்கு காலைல ஒம்பது மணிக்கு கவுன்சிலிங் மேடம். பிசிக்ஸ் கெடச்சிடும்னு சொல்றாங்க. ஒரிஜினல் இல்லன்னா உள்ளயே உட மாட்டாங்களாம். கொஞ்சம் எடுத்துக் குடுங்க."

"பாப்பா என்ரோல் ஆயிட்டாங்க பாய். சேர்மன் கையெழுத்து வேணும். அவர் ஊர்ல இல்ல. வியாழக்கிழமைதான் வருவார்."

"நாங்க சேரவே இல்லியே மேடம். விசாரிக்கத்தானே வந்தோம்?"

ஐந்து மணி வரை கவுன்டருக்கு எதிரே நின்றுகொண்டே இருந்தார். கத்தியிருந்தால் எனக்கும் பதிலுக்குக் கத்த வசதியாக இருந்திருக்கும். அவர் கத்தவில்லை. சாவி என் கால் அருகே பையில் கிடந்தது. பீரோவைத் திறந்து எடுத்துக் கொடுக்க இரண்டு நிமிடம் போதும். ஆனால் என் மகன் அதே கல்லூரியில் ஸ்டாஃப் சலுகையில் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தான். நான் பையைத் தொடவில்லை. ஐந்து மணிக்குப் பையை எடுத்துக்கொண்டு பஸ் பிடிக்கப் போனேன்.

நஸ்ரினின் பிசிக்ஸ் சீட் வரிசையில் அடுத்து நின்ற யாருக்கோ போனது.

5. ரெஜிஸ்டர்

ஜூலையில் நஸ்ரின் எங்களிடமே பி.பி.ஏ. சேர்ந்தாள். வேறு எங்கும் இடம் மிச்சமில்லை. ரெஜிஸ்டரில் கையெழுத்துப் போட வந்தவள் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"என்ரோல்னா இன்னான்னு அன்னிக்கே கேட்டேன் மேடம். நீங்க சொல்லல."

இந்த முறை தப்பிக்க முடியவில்லை.

"ஒரிஜினலக் குடுத்துட்டா திரும்பக் கெடைக்காது. வேற காலேஜுக்குப் போக முடியாது. அவ்ளோதாம்மா."

"அவ்ளோதானா? இத்த தமிழ்லயே சொல்லி இருக்கலாமே மேடம்."

சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். மூன்று வருடமும் என் மேசையைக் கடக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு போவாள். அவள் செய்தது நியாயம்.

இன்று அந்த மாதிரி மேசைகளில் உட்கார்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது ஒன்றுதான். ஒரிஜினலுக்குக் கை நீட்டும் முன்னால் அந்த விஷயத்தைத் தமிழில் சொல்லிவிடுங்கள். பாதிப் பேர் எழுந்து போய்விடுவார்கள். போகட்டும்.

நஸ்ரின் படித்து முடித்த வருடம்தான் நானும் ஓய்வு பெற்றேன். என் மகன் அதற்கு முன்பே படித்து முடித்து வேலைக்குப் போய்விட்டான், அதன் பிறகு எனக்கு எந்தப் பயமும் இருக்கவில்லை. ஆனாலும் ஓய்வு பெறும் நாள் வரைக்கும் அதே மேசையில் உட்கார்ந்து என்ரோல்மென்ட் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். நஸ்ரினிடம் சொன்னதை அதன் பிறகு ஒருவரிடமும் சொல்லவில்லை.