பூண்டு தட்டிப்போட்ட கீரை

கல்யாணிக்கு வாய் நீளம், கை அதைவிடத் தாராளம். யாருக்காவது சளி, ஜுரம் என்று காதில் விழுந்தால் போதும், தூக்குச்சட்டியோடு கிளம்பிவிடுவாள். மெல்பர்னில் தமிழ்ப் பேச்சுக் கேட்பதே அதிசயமாக இருந்த எழுபத்தைந்தாம் வருஷம் அது. கணவர் நாகராஜனுக்கு ஒரு தொழிற்சாலையில் இன்ஜினியர் வேலை. வீடு ஊருக்கு வெளியே வெரிபீயில், காலிஃபிளவர் தோட்டங்களை ஒட்டி.

கடையில் விற்கிற சில்வர்பீட்டைக் கீரை என்றே அவள் ஒப்புக்கொள்ள மாட்டாள். "இலையா அது? செருப்புத் தோல்!" என்பாள். காலிஃபிளவர் பாத்திகளுக்கு நடுவே களையென்று மண்டிக் கிடந்ததுதான் அவளுக்குக் கீரை. நம்ம ஊர் முளைக்கீரைக்கு ஒன்றுவிட்ட தங்கச்சி மாதிரி இருக்கும். தோட்டக்கார இத்தாலியர், களை பிடுங்க ஓசியில் ஆள் கிடைத்ததென்று சிரிப்பார். சிரிக்கட்டுமே, அவளுக்கென்ன!

ரயிலில் போகிற தூரத்தில் ஃபுட்ஸ்கிரேயில் இருந்த சந்திரவதனா யாழ்ப்பாணத்துப் பெண். கல்யாணியைவிடப் பத்து வயது சின்னவள். கீரையை மத்தால் கடைந்து தாளிக்கிறவள் கல்யாணி. தேங்காய்ப்பால் விட்டு இறக்குகிறவள் சந்திரா. "பாலை ஊத்தினா அது கீரையாடி, பாயசமா?" என்று இவள் சீண்டுவாள். "கடைஞ்சு குழம்பாக்கினா மட்டும் கீரையோ, அக்கா?" என்று அவள் திருப்பிக் கொடுப்பாள். சந்திராவுக்கு வயிறு தெரிய ஆரம்பித்ததிலிருந்து கல்யாணி அங்கேயே பழியாய்க் கிடந்தாள். தனக்குக் குழந்தையில்லை என்று ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. "முதல் முத்தம் எனக்குத்தான், உன் புருஷனுக்குக்கூட அப்புறம்தான்" என்று மட்டும் பேசி வைத்திருந்தாள். மூன்று ஸ்வெட்டர் பின்னி முடித்தாயிற்று.

பிப்ரவரி வெயிலில் ஒருநாள் மத்தியானம் சந்திராவின் கணவன் ஜெயரட்ணம் ஆஸ்பத்திரியிலிருந்து போன் பண்ணினான்.

"அக்கா... பிள்ளை மோசம் போயிட்டுது."

"ஐயய்யோ, ரொம்ப மோசமா? தைரியமா இரு தம்பி. சந்திரா எப்படி இருக்கா?"

"அவ இருக்கிறா. வெள்ளிக்கிழமை வீட்டை வாறா."

"வரட்டும். நான் வந்து பார்த்துக்கறேன்."

அவன் "ஓம் அக்கா" என்று வைத்துவிட்டான்.

குழந்தை நோஞ்சானாய்ப் பிறந்திருக்கிறது, கல்யாணிக்கு விளங்கியது அவ்வளவுதான். நோஞ்சான் பிள்ளையைத் தேற்றத் தாய்ப்பாலைவிட என்ன மருந்து இருக்கிறது? பால் ஊறக் கீரை வேண்டும், பூண்டு வேண்டும். வெள்ளிக்கிழமை விடிந்ததும் தோட்டத்துக்கு ஓடினாள். கொழுந்தாகக் கிள்ளி, மண் போக அலசி, பூண்டைத் தோலுரித்துத் தட்டிப்போட்டாள். மூடினால் கறுத்துப்போகும் என்று சட்டியைத் திறந்தே வேகவிட்டாள். பெற்ற வயிறு பொறுக்காது என்று காரமே சேர்க்கவில்லை. கடையும்போதெல்லாம், "தேறிடுவேடா ராஜா, தேறிடுவே" என்று மத்தோடு பேசினாள். ராஜாவா ராணியா என்று கேட்க விட்டுப்போனது அப்போதுதான் ஞாபகம் வந்தது. குழைந்த சோறும் கீரையும் ஸ்வெட்டர்களுமாக ரயிலேறினாள்.

கதவைத் திறந்தது ஜெயரட்ணம். முகத்தில் தாடி.

"எங்கடா என் செல்லம்?" என்று செருப்பைக் கழற்றிக்கொண்டே கேட்டாள். "தூங்குதா? பால் குடிக்குதா?"

அவன் அவளையே பார்த்தான். "அக்கா, அண்டைக்கே சொன்னனான் தானே. மோசம் போயிட்டுது எண்டு."

"ஆமா, மோசமா இருக்குன்னு..."

"இல்லை அக்கா. பிள்ளை செத்துத்தான் பிறந்தது. நாங்கள் அப்பிடித்தான் சொல்லுறது."

யாழ்ப்பாணத்தில் மோசம் போவது என்றால் செத்துப்போவது. இத்தனை நாள் பழகியும் அந்தச் சொல் அவள் காதில் விழும்படி ஒரு சாவு வரவில்லை. பாவி, ஸ்வெட்டரையும் அல்லவா தூக்கிக்கொண்டு வந்து நிற்கிறேன் என்று கல்யாணி தன்னையே நொந்துகொண்டாள். ஸ்வெட்டர் பையை முதுகுக்குப் பின்னால் ஒளித்தாள்.

அதற்குள் சந்திரா அறையிலிருந்து வந்துவிட்டாள். சட்டையின் முன்பக்கம் இரண்டு இடத்தில் நனைந்திருந்தது.

"பூண்டு மணக்குது. எனக்கோ, அக்கா?"

"ஒண்ணுமில்லடி. நான் ஒரு மடச்சி. எடுத்துட்டுப் போயிடறேன்."

"தாங்கோ."

"வேண்டாம்டி கண்ணு. இது பால் ஊற வைக்கிற கீரை."

"தெரியும். பிள்ளையைப் பெத்தனான் எண்டு ஒருத்தரும் எனக்குச் சாப்பாடு தரேல்லை, அக்கா. ஆஸ்பத்திரியிலை, வீட்டை போய் மறக்கச் சொல்லிச்சினம்." அவள் தூக்குச்சட்டியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். கல்யாணியும் விடவில்லை. "டாக்டர் பால் வத்த மாத்திரை குடுத்திருப்பாரே, இதைச் சாப்பிட்டா கட்டிக்கிட்டு வலிக்கும்டி" என்று கெஞ்சினாள்.

"பொம்பிளைப்பிள்ளை, அக்கா. முகத்தைக்கூடக் காட்டேல்லை. அவள் வந்து போனதுக்கு என்னட்டை இந்தப் பால் மட்டும்தான் கிடக்கு. ஊறட்டும், விடுங்கோ."

கல்யாணி கைப்பிடியை விட்டாள். பிறகு சந்திராவைக் கதிரையில் உட்காரவைத்து, சோற்றில் கீரையைப் பிசைந்து ஊட்டினாள்.