ஆடி செட்டிங் என்னுடையது

ஐந்தாம் வகுப்புப் படிப்பும் நல்ல இரண்டு காதும்தான் என் முதல். அதை வைத்துக்கொண்டு நான் செய்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். வண்ணார்பேட்டையில் ஆற்றுக்கு இறங்கும் சாலையில் தகரக் கொட்டகை போட்டேன். ஆறு பெருகி வந்து அதைக் கொண்டுபோயிற்று. தண்ணீர் வடிந்ததும் கொஞ்சம் மேடாகப் பார்த்து மறுபடியும் போட்டேன். டீசல் பம்பைச் சோதிக்கிற மெஷின் வாங்க வசதியில்லை, ஆகவே நானே ஒன்று செய்தேன். ரைஸ் மில்லில் கழித்துப்போட்ட மோட்டார், உடைந்த லேத்தின் அடிப்பாகம், பாளையங்கோட்டையில் ஏதோ ஒரு பள்ளிக்கூடத்து ஆய்வகம் வேண்டாமென்று பழைய சாமான் கடைக்கு அனுப்பிய அளவுக் குழாய்கள். ஆய்வகத்தின் வாசலை நான் மிதித்ததில்லை. ஆய்வகம்தான் என் கொட்டகையைத் தேடி வந்தது. மாடி வைத்து வீடு கட்டினேன். இரண்டு பெண்களைப் பட்டதாரி ஆக்கினேன். ஆடி செட்டிங்கைக் கண்டுபிடித்தேன்.

கடைசியாகச் சொன்னேனே, அதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

இன்றைக்குப் பிக்கப் வண்டி சரியாக இழுக்கவில்லை என்றால் கம்பெனி சர்வீஸ் ஸ்டேஷனில் டாஷ்போர்டுக்குக் கீழே ஒரு வயரைச் சொருகுகிறார்கள். ஒரு தம்பி லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டே, “சாஃப்ட்வேர் அப்டேட் பண்ணியாச்சு, எடுத்துட்டுப் போங்க” என்கிறார். எவ்வளவு காற்று உள்ளே வருகிறது, அதற்கு எவ்வளவு டீசல் தெளிக்க வேண்டும் என்று இன்ஜின் கம்ப்யூட்டரே கணக்குப் பார்த்துக்கொள்கிறது. நல்ல விஷயம்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் தொண்ணூறுகளில் திருநெல்வேலி வண்டிகளுக்கு அந்தக் கம்ப்யூட்டர் நான்தான். அதையும் யாராவது சொல்ல வேண்டும் இல்லையா?

அப்போது எல்லாம் பம்பில்தான் இருந்தது. அதன் பின்புறம் ஒரு ஸ்க்ரூ. உள்ளே திருகினால் டீசல் கூடும், வெளியே திருகினால் குறையும். கண்டவர் கை வைக்காமலிருக்க அதன்மேல் கம்பி சுற்றி ஈயச் சீல் அடித்திருப்பார்கள். நம் ஊர் டிரைவர்களுக்கு அந்த ஸ்க்ரூவின் மேல் தீராத ஆசை. புகை வந்தால்தான் வண்டிக்கு உயிர் இருக்கிறது என்று நினைப்பார்கள். கறுப்பாகக் கக்கிக்கொண்டு போகிற வண்டியை ஸ்டாண்டில் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். அதனால் மெக்கானிக்குகளும் கேட்ட மாதிரி திருகிவிட்டு அனுப்பினார்கள். நான் செய்யமாட்டேன். மெஷினில் மாட்டி, நான்கு குழாயிலும் டீசல் ஒரே மட்டத்தில் நிற்கும்வரை விடமாட்டேன். பிறகு என் சீலை அடிப்பேன். அந்தச் சீலில் ‘5’ என்று இருக்கும். நான் படித்த வகுப்பு அது. மற்றவர்கள் படிப்பை மறைப்பார்கள், நான் ஈயத்தில் அடித்தேன்.

உடன்குடியில் ஒரு கருப்பட்டி வியாபாரி இருந்தார். ஊரே அண்ணாச்சி என்று கூப்பிடும், நானும் அப்படித்தான். அவருக்கு மூன்று பிக்கப் வண்டிகள். ஓலைப்பெட்டிகளில் கருப்பட்டி ஏற்றித் திருநெல்வேலிக்கு அனுப்புவார். ஆனால் ஆடி வந்தால் அவருக்குச் சனி பிடித்துவிடும். தேரிக்காட்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். செக்கச் சிவந்த மணல், மாவு மாதிரி. ஆடிக் காற்றில் அது எழுந்து ரோட்டின் குறுக்கே ஊர்ந்துகொண்டே இருக்கும். வண்டியின் ஏர் ஃபில்டரில் எண்ணெய்க் கிண்ணம் ஒன்று உண்டு. தூசி அதில் ஒட்டிக்கொண்டு காற்று மட்டும் இன்ஜினுக்குப் போக வேண்டும். தேரி மணல் ஒரே நடையில் அந்த எண்ணெயைக் குங்குமக் குழம்பாக்கிவிடும்.

டிரைவர்கள் அதற்கு ஒரு வைத்தியம் வைத்திருந்தார்கள். துண்டை நனைத்து, காற்றுக் குழாயின் வாயில் கட்டிவிடுவார்கள். வயற்காட்டில் தூசிக்கு நாம் மூக்கைக் கட்டிக்கொள்வது போல. மனிதன் மூச்சுத் திணறினால் துண்டை அவிழ்த்துவிடுவான். இன்ஜின் என்ன செய்யும்? ஈரத் துண்டில் மணல் அப்பிச் சேறாகி, வாயே அடைத்துப்போகும். காற்று குறைந்ததும் வண்டி இழுக்காது. உடனே மெக்கானிக்கிடம் போய் டீசலைக் கூட்டச் சொல்வார்கள். காற்று இல்லாமல் டீசலை மட்டும் கூட்டினால் அது எரியாமல் புகையாகும், சூடாகும், கடைசியில் பிஸ்டன் உருகும். அண்ணாச்சி வண்டிகள் வருடம் தவறாமல் ஆவணியில் இன்ஜினைப் பிரித்துப் போட்டுக்கொண்டு கிடந்தது இதனால்தான்.

ஆனி கடைசியில் ஒரு வண்டியோடு கொட்டகைக்கு வந்தார். வண்டிகளை விற்றுவிட்டுப் பழையபடி வாடகை லாரிக்கே போய்விடப் போவதாகச் சொன்னார். அவர் போனால் அந்தப் பக்கத்து வண்டிக்காரர்கள் எல்லோரும் போவார்கள். என் கொட்டகைக்கு வருகிற வண்டிகளில் முக்கால்வாசி அந்தப் பக்கத்தவைதான்.

“விக்காதீரும் அண்ணாச்சி. ஆடிக்கு மட்டும் தனியா ஒரு செட்டிங் வச்சுத் தாரேன். டீசலக் கொஞ்சம் குறைக்கணும்” என்றேன்.

“எல்லாரும் கூட்டுதான். நீரு என்ன வே, குறைக்கணும்னு சொல்லுதீரு?”

“மூச்சு முட்டிக் கிடக்கவனுக்கு இன்னொரு இலை சோறு போட்டா எந்திரிச்சு ஓடுவானா?”

“பெரிய வைத்தியரு” என்றார் அண்ணாச்சி.

வண்டியின் டிரைவர் ராதாபுரம் பக்கத்துக்காரன். பார்க்கப் பையன் போலத் தெரிவான், ஆனால் நாற்பது தாண்டியவன். அவனுக்கு முகமே செத்துவிட்டது. “மேஸ்திரி, புகை வரலன்னா ஸ்டாண்டுல என்னய மதிப்பானா?”

“நீ புகையவாலே ஏத்திட்டுப் போறே? கருப்பட்டியத்தான?”

அண்ணாச்சிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் வியாபாரி, சும்மா விடுவாரா? “சரி. ஆடி முச்சூடும் இந்த வண்டி இன்ஜினப் பிரிக்காம ஓடிட்டா மூணு வண்டியும் காலத்துக்கும் உம்மகிட்டதான். ஓடலன்னா?”

“என் கொட்டகப் போர்டக் கழட்டிருதேன்.”

“கழட்டிட்டு?”

“உம்ம கடையில வந்து பெட்டி தூக்குதேன்.”

“உம்ம உடம்புக்குக் காலிப் பெட்டியே கூடுதல் வே” என்றார்.

ஸ்டாண்டு முழுக்க இந்தப் பேச்சு பரவிவிட்டது. டீக்கடைப் பக்கம் போனால், “மேஸ்திரி, போர்டு நல்ல தகரமா இருக்கே, எங்க கோழிக்கூட்டுக்குத் தாரீரா?” என்று கேட்பார்கள். நான் டீயைக் குடித்துவிட்டு வருவேன். பதில் ஆவணியில் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

என்ன செய்தேன் என்று விவரமாகச் சொல்கிறேன், பின்னால் யாரும் தன்னுடையது என்று சொல்லக்கூடாது. முதலில் பம்பை இறக்கி, தேரிக் காற்றில் இன்ஜினுக்கு எவ்வளவு மூச்சு கிடைக்குமோ அதற்குத் தக்கபடி டீசலைக் குறைத்தேன். இன்ஜினுக்குள் டீசலைத் தெளிக்கிற நாசில் நான்கையும் ஒரே மாதிரி தெளிக்க வைத்தேன். பிறகு காற்றுக் குழாயில் தகரக் குழாயைச் சேர்த்து டிரைவர் தலைக்கு மேலே, கூரை உயரத்துக்குக் கொண்டுபோனேன். மணல் தரையோடுதான் ஊர்கிறது, மேலே குறைவு. குழாயின் வாயைப் பின்பக்கமாகத் திருப்பி வளைத்தேன், எதிர்காற்று நேரே அடிக்காது. எண்ணெய்க் கிண்ணத்தை ஒவ்வொரு நடைக்கும் கழுவி, கோடு வரைக்கும் மட்டும் எண்ணெய் ஊற்றச் சொன்னேன். கடைசியாக, துண்டு கட்டக்கூடாது என்று டிரைவரிடம் சொன்னேன். அவன் சரி என்றான். சீலை அடித்தேன்.

முதல் நடையில் நானே உடன்குடியிலிருந்து கூட வந்தேன். தேரி ரோட்டில் முன்னால் போன வண்டிகள் ஓரமாக நின்றுவிட்டன. டிரைவர்கள் இறங்கிக் கேனிலிருந்து தண்ணீரை ஊற்றித் துண்டு நனைத்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் வண்டி செகண்ட் கியரில் மணலை மிதித்துக்கொண்டு, எல்லோரையும் தாண்டிப் போனது. டிரைவர் பக்கக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு வந்தான்.

“பின்னால ஒண்ணுமே வரலையே மேஸ்திரி. ஓடுதா?”

“முன்னால போவுதா இல்லியாலே?”

“போவுது.”

“அப்ப ரோட்டப் பாரு.”

அந்த ரோட்டில் அன்று எனக்கு இருந்த மிதப்பை என்னவென்று சொல்வது. தேரிக் காடே எனக்குச் சலாம் வைத்த மாதிரி இருந்தது.

ஆடி பாதி கழிந்தபோது கொட்டகைக்கு எதிரே இருந்த எஸ்டிடி பூத்திலிருந்து என்னைக் கூப்பிட்டார்கள். உடன்குடியிலிருந்து அண்ணாச்சி.

“உம்ம வண்டி புகை கக்குது வே. ஏத்தமே ஏற மாட்டேங்கு. போர்டக் கழட்ட ஏணி இருக்கா, நான் அனுப்பட்டுமா?”

உடனே பஸ் பிடித்தேன். வழியெல்லாம் பம்பை மனதுக்குள் பிரித்துப் பிரித்து மாட்டினேன். எங்கே தவறியது என்று பிடிபடவில்லை. திருச்செந்தூரில் பஸ் மாறும்போது பசி இருந்தது, சாப்பிடப் பிடிக்கவில்லை. போர்டு எழுதியவன் அதில் ‘டீசல் பம்ப்’ என்பதைச் சிவப்பில் எழுதியிருந்தான், அந்தச் சிவப்பே கண்ணுக்குள் நின்றது.

அண்ணாச்சி கருப்பட்டி அடுக்கி வைக்கிற கிட்டங்கி வாசலில் வண்டி நின்றது. சுற்றிலும் ஆள் கூடிவிட்டது. முதலில் சீலைப் பார்த்தேன். என் ‘5’ அப்படியே இருந்தது, யாரும் ஸ்க்ரூவைத் தொடவில்லை. இன்ஜினைப் போடச் சொன்னேன். கறுப்பாகக் கக்கியது. காதைக் கொடுத்துக் கேட்டேன். இருமல் சத்தம் இல்லை, மூச்சுத் திணறல் சத்தம். டீசல் பக்கம் தப்பில்லை, காற்றுப் பக்கம்தான் என்று அந்த இடத்திலேயே தெரிந்துவிட்டது. கிண்ணத்தைக் கழற்றினேன், சுத்தமாக இருந்தது. மிச்சம் இருந்தது மேலே போகிற குழாய் மட்டும். அதன் வாய் பின்பக்கம் வளைந்திருந்ததால் கீழே நின்று பார்த்தால் தெரியாது. கூரைமேல் ஏறினேன்.

வளைவுக்குள் ஒரு துண்டு, கயிறு போட்டு இறுக்கிக் கட்டியிருந்தது. மணல் அப்பிச் செங்கலாக இறுகியிருந்தது. தட்டினால் டொக்கென்று கேட்டது.

“யாருலே இதக் கட்டுனது?”

டிரைவர் தலையைக் குனிந்துகொண்டான். “எல்லா வண்டிலயும் கட்டிருக்கான் மேஸ்திரி. நம்ம வண்டி மட்டும் அம்மணமாப் போவுத மாதிரி இருந்துச்சு.”

“நான் சொன்னேம்லாலே.”

“நீங்க சொன்னீங்க. அண்ணாச்சி துண்டு தந்தாவளே.”

எல்லோரும் அண்ணாச்சியைப் பார்த்தார்கள். விஷயம் இதுதான். ஆடி ஒன்றாம் தேதி வண்டிக்குச் சந்தனம் வைத்து, கற்பூரம் காட்டி, புதுத் துண்டு ஒன்று கொடுப்பது அந்தப் பக்கத்து முதலாளிமார் வழக்கம். அண்ணாச்சியும் என்னிடம் பந்தயம் கட்டிவிட்டு, வழக்கத்தை விடாமல் மூன்று வண்டிக்கும் துண்டு கொடுத்திருக்கிறார். முதலாளி கையால் பூஜையில் வாங்கிய துண்டைச் சும்மா வைத்திருக்க இவனுக்கு மனம் வரவில்லை. இரண்டு வாரம் தாங்கினான். பிறகு கட்டிவிட்டான்.

நான் துண்டை அவிழ்த்துக் கீழே போட்டேன். அது விழுந்த சத்தத்துக்குக் கூட்டத்தில் ஒருவர் காலை இழுத்துக்கொண்டார். “இப்பப் போடுலே” என்றேன். வண்டி இரண்டு முறை கனைத்தது, குழாயில் கிடந்த கறுப்பைத் துப்பியது, பிறகு புகையே இல்லை. ஆக்சிலேட்டரை மிதிக்கச் சொன்னேன். என் காதுக்கு அது நாதஸ்வரம்தான்.

அண்ணாச்சி துண்டைக் காலால் பையப் புரட்டிப் பார்த்தார். “லே, இத்தன வருசமா நானேதான் என் வண்டி மூக்கப் பொத்திக்கிட்டிருந்திருக்கேன்” என்றார். பிறகு மற்ற இரண்டு வண்டிகளிலும் கட்டியிருந்ததை அவிழ்க்கச் சொன்னார். பந்தயம் என்னாயிற்று என்று ஒருவர் கேட்டார். “ஆவணி பொறக்கட்டும் வே. பம்ப் மேல தப்பில்ல, பூஜ மேலதான் தப்பு” என்றார் அண்ணாச்சி.

ஆவணி பிறந்தது. இன்ஜினை யாரும் பிரிக்கவில்லை. ஒன்றாம் தேதி காலையில் மூன்று வண்டிகளும் என் கொட்டகை முன்னால் வரிசையாக வந்து நின்றன. அண்ணாச்சி இறங்கி, ஒரு புதுத் துண்டை என் தோளில் போட்டார். “இது மனுசனுக்கு” என்றார். ஸ்டாண்டு முழுக்கப் பார்த்தது. கோழிக்கூட்டுக்குத் தகரம் கேட்டவரும் பார்த்தார்.

அடுத்த ஆனியில் என் கொட்டகை வாசலில் வண்டி நிறுத்த இடமில்லை. “ஆடி செட்டிங் வச்சு விடுங்க” என்று கேட்டு வந்தார்கள். ஆவணியில் திரும்பி வந்து பழைய அளவுக்கு மாற்றிக்கொள்வார்கள். இன்றைக்கு அப்டேட் என்கிறார்களே, அதுதான் இது. கம்பெனி சர்வீஸ் ஸ்டேஷனில் அப்போது பொறுப்பிலிருந்தவர் நல்ல மனிதர். அவரும் வந்து குழாயை அண்ணாந்து பார்த்தார், எல்லாம் விசாரித்தார், நானும் ஒளிக்காமல் சொன்னேன். அதற்கு அடுத்த வருடம் அவர்கள் பேனர் கட்டினார்கள்: ‘ஆடிக் காற்று சிறப்பு முகாம்.’ இன்றுவரை வருடா வருடம் கட்டுகிறார்கள். இப்போது குழாய் இல்லை, ஸ்க்ரூ இல்லை, லேப்டாப்தான். ஆனாலும் வருகிற டிரைவர்கள் “ஆடி செட்டிங் போட்டாச்சா?” என்றுதான் கேட்கிறார்கள். அதைக் கம்பெனிக்காரர்கள் கண்டுபிடித்ததாக அந்தத் தம்பிகளே நம்புகிறார்கள். போன வருடம் ஒருவர் என்னிடமே அப்படிச் சொன்னார்.

அண்ணாச்சி இப்போது இல்லை. இருந்திருந்தால் நான் எழுத வேண்டியிருக்காது, அவர் ஒரு சத்தம் போட்டாலே போதும். ஆகவே கம்பெனிக்காரர்களிடம் நானே கேட்கிறேன். பங்கு வேண்டாம், மாலை வேண்டாம். துண்டு ஏற்கெனவே வாங்கிவிட்டேன், பெட்டியில் இருக்கிறது. வருகிற ஆனியில் பேனர் கட்டும்போது ‘ஆடிக் காற்று சிறப்பு முகாம்’ என்ற எழுத்துக்குக் கீழே, இது வண்ணார்பேட்டைப் பம்ப் கொட்டகையில் பிறந்தது என்று ஒரு வரி போடுங்கள். பக்கத்தில் என் ‘5’ இருக்க வேண்டும். சின்னதாக மூலையில் போட்டு ஏமாற்றாதீர்கள். தேரி ரோட்டுக்குப் போகிற டிரைவருக்கு, ஓடுகிற வண்டியிலிருந்தே தெரிய வேண்டும்.