சந்திரமதி சொல்லாமல் வைத்திருந்தது

பஃபலோ ரோட்டுக் கடைவீடு ஒன்றின் மேல்மாடியில், பலகை அடித்துத் தடுத்த அறையில் குடியிருந்தார்கள் மருதப்பனும் சந்திரமதியும். மருதப்பன் கட்டடங்களுக்குப் பெயிண்ட் அடிப்பவன். ஒருநாள் சாரத்தில் நின்றபோதே வலிப்பு வந்து, கீழே குவித்திருந்த மணலில் விழுந்தான். எலும்பு தப்பியது, வேலை தப்பவில்லை. செய்தி பரவியதும் வேறு காண்ட்ராக்டர்களும் அவனைச் சேர்க்கவில்லை. சந்திரமதி ஒரு வீட்டில் துணி துவைக்கப் போய்வந்தாள். அவனையும் இரண்டு வயது லீலாவையும் தனியே விட்டுப் போக மனம் துணியாமல் அதையும் விட்டாள்.

உடம்புக்கு முடியாதவர்களுக்குச் சர்க்கார் மாதாமாதம் உதவி கொடுக்கிறது என்று கீழ்க்கடைக்காரர் சொன்னதும் மனுப் போட்டாள். மருதப்பனுக்கு அது பிடிக்கவே இல்லை.

"வலிப்புன்னு எழுதிக் கொடுத்தா, புடிச்சிட்டுப் போய் பைத்தியக்கார ஆஸ்பத்திரியில போட்டுருவாங்க. உனக்கு அதான் வேணுமா?"

கெஞ்சிக் கூத்தாடித்தான் அவனை அன்று உதவி கொடுக்கும் அலுவலகத்துக்கு அழைத்து வந்திருந்தாள். அது 1958ஆம் ஆண்டு.

மேசைக்குப் பின்னால் கண்ணாடி போட்ட இளம் சீனப் பெண் அதிகாரி. பக்கத்தில் மொழிபெயர்க்க அப்துல் முத்தலிப் என்ற பெரியவர். டாக்டரின் சான்றிதழை அதிகாரி இரண்டு முறை படித்தார். பரிசோதித்த அன்று நோய் எதுவும் தெரியவில்லை, உடம்பு திடமாக இருக்கிறது என்று அதில் எழுதியிருந்தது.

"வலிப்பு எத்தனை நாளைக்கு ஒருதடவ வருதுன்னு அம்மா கேக்குறாங்க" என்றார் முத்தலிப்.

மருதப்பன் நிமிர்ந்து உட்கார்ந்தான். "வலிப்பெல்லாம் இல்லைங்க. எப்பவாச்சும் தலை சுத்தும், அவ்வளவுதான். இப்ப நல்லாத்தான் இருக்கேன்."

முத்தலிப் அதை ஆங்கிலத்தில் சொன்னதும் அதிகாரியின் பேனா நின்றது. அவர் ஏதோ சொல்லிக்கொண்டே ஃபைலை மூடினார்.

"வேலை செய்யத் தெம்பு இருக்கறவங்களுக்கு இந்த உதவி கிடையாதாம். வேலை தேடித் தர்ற ஆபீசுக்குப் போகச் சொல்றாங்க."

"அவருக்குத் தெரியாதுங்க ஐயா!" சந்திரமதி எழுந்தே விட்டாள். "விழறப்ப அவருக்கு நினைவே இருக்காது. பாக்குறது நான்தானே."

"சும்மா உக்காரு" என்று மருதப்பன் பல்லைக் கடித்தான்.

அதிகாரி அவளையே பார்த்தார். என்ன பார்த்தாய், எப்போது பார்த்தாய் என்று கேட்டார். சந்திரமதி மடியிலிருந்த லீலாவின் இடது கையைப் பார்த்தாள். முழங்கையில் கோணிப்போன கை. குழந்தை கட்டிலிலிருந்து விழுந்துவிட்டதாகத்தான் மருதப்பனிடம் சொல்லியிருந்தாள். 'ஒரு புள்ளைய ஒழுங்காப் பாத்துக்கத் துப்பில்ல' என்று அவன் அவளைத் திட்டாத வாரமில்லை. அத்தனையும் வாயைத் திறக்காமல் வாங்கிக்கொண்டிருந்தாள்.

அவள் தயங்குவதைக் கண்டு முத்தலிப் குரலைத் தாழ்த்தினார். "தங்கச்சி, நீ சொல்றத நான் அப்படியேதான் சொல்லியாகணும். யோசிச்சுச் சொல்லு."

"தைப்பூசத்துக்கு மறுநாளுங்க" என்று ஆரம்பித்தாள். கணவன் பக்கம் திரும்பவில்லை. "நான் தண்ணி புடிக்கக் கீழ போயிருந்தேன். புள்ள அவரு தோள்ல இருந்தா. தடால்னு சத்தம். ஓடி வந்தா, புள்ள மேல இவரு கெடக்காரு. கையும் காலும் வெட்டி வெட்டி இழுக்குது. என்னால புரட்ட முடியல. பக்கத்து ரூம் ரத்தினம்மா அக்கா வந்துதான் புரட்டினாங்க. அடியிலருந்து புள்ளய எடுத்தப்ப கை தொங்கிருச்சு."

முத்தலிப் மருதப்பனை ஒருமுறை பார்த்துவிட்டு, மெதுவாக ஆங்கிலத்தில் சொன்னார். அதிகாரி எழுந்து வந்து லீலாவின் கையைப் பிடித்து நீட்டிப் பார்த்தார். அது முழுதாக நீளவில்லை.

"கட்டில்லருந்து விழுந்துட்டதா சொன்னியே" என்றான் மருதப்பன்.

"சொன்னேன்."

"நான் முழிச்சப்ப வாயில ரத்தம். நீ புள்ளைய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிருக்கறதா ரத்தினம்மா சொன்னுச்சு. நான்... நான்தான்னு யாருமே சொல்லல."

மருதப்பன் முகத்தைத் துடைத்துக்கொண்டு முத்தலிப்பிடம் திரும்பினான். "வலிப்பு இருக்குங்க. நெறைய இருக்கு. என்னைப் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு அனுப்பிருவாங்களான்னு மட்டும் கேளுங்க."

கேட்டதும் அதிகாரி இல்லை என்று வேகமாகத் தலையசைத்தார். "அதெல்லாம் இல்ல தம்பி, பயப்படாதீங்க" என்றார் முத்தலிப். "பெரிய ஆஸ்பத்திரியில மருந்து கொடுப்பாங்க. வீட்டுக்கு ஆள் வந்து அந்த ரத்தினம்மாகிட்ட விசாரிப்பாங்க. அப்புறம்தான் முடிவு."

திரும்பும்போது பஸ்ஸில் மருதப்பன் தனியாகப் போய் உட்கார்ந்தான். விசாரிக்க ஆள் வந்தார், ரத்தினம்மா நடந்ததை அப்படியே சொன்னாள், உதவியும் கிடைத்தது. மருந்தால் வலிப்பு குறைந்தது, நிற்கவில்லை. ஆனால் லீலா கையைத் தூக்கிக்கொண்டு ஓடிவரும்போதெல்லாம் மருதப்பன் சுவரோரமாக நகர்ந்துகொண்டான். சந்திரமதியைத் திட்டுவதும் நின்றுபோயிருந்தது. அந்த அமைதியைவிடத் திட்டே தேவலை என்றிருந்தது அவளுக்கு.

ஒரு மத்தியானம் அவன் தானாகவே பாயை விரித்து, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். "நீ ஒட்டி உக்காரு. புள்ளைய என் மடியில வை."

வைத்தாள். லீலா அவன் சட்டைப் பொத்தானைத் திருகத் தொடங்கினாள்.

"வேற என்ன மறைச்சிருக்க?" என்று கேட்டான். "நான் விழுந்ததெல்லாம் ஒண்ணுவிடாம சொல்லு. எனக்குத் தெரியணும்."

சந்திரமதி, அவனுக்கு வலிப்பு முதல்முறை வந்த நாளிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.